ஷீபெக் ஷீமோர்

ஷீபெக் ஷீமோர் என்பது அயர்லாந்தைச் சேர்ந்த ஹார்ப் இசைஞரும் இசையமைப்பாளருமான டர்லோ ஓ'காரலன் (1670 - 1738) இயற்றிய குறும் இசைப்பாடல் ஆகும். அயர்லாந்தின் வடமேற்கில் உள்ள லீட்ரிம் கவுண்டியில் அமைந்த இரு குன்றுகளின் பெயர்களே இதற்குப் பெயராயின. இவ்விசை 1691 ஆம் ஆண்டளவில், காரலன் தமது நாடோடி இசை வாழ்வைத் தொடங்கிய போது இயற்றப்பட்டதாகவும், அவரது முதல் ஆக்கம் இதுவே எனவும் மரபாகக் கூறப்படுகின்றது. இன்று அயர்லாந்து மரபிசையில் மிகுதியாக வாசிக்கப்படும் மெட்டுகளுள் ஒன்றாக இது விளங்குகின்றது.

இதன் மெட்டு முழுவதும் காரலனின் சொந்தப் படைப்பு அன்று என்பது குறிப்பிடத்தக்கது. அவர் காலத்துக்கு முன்பே வழங்கி வந்த ஒரு நாட்டுப்பாடலின் மெட்டைத் தழுவியே இது அமைக்கப்பட்டது என ஆய்வாளர் கருதுகின்றனர். அயர்லாந்தின் தலைசிறந்த ஹார்ப் இசையமைப்பாளர் எனப் போற்றப்படும் ஒருவரின் முதல் ஆக்கமே இரவல் மெட்டில் அமைந்தது என்பதால், வாய்மொழி மரபில் இசையமைப்பு என்பது எதனைக் குறிக்கின்றது என்னும் கேள்விக்கு இச்சிறு இசை ஒரு நல்ல எடுத்துக்காட்டாக உள்ளது.

பெயர்

ஐரிய மொழியில் ஷீ என்னும் சொல் பழங்கால மண்மேட்டையும், அம்மேட்டினுள் வாழ்வதாக நம்பப்பட்ட மாய மாந்தரையும் ஒருங்கே குறிக்கும். பெக் என்றால் சிறிய, மோர் என்றால் பெரிய. எனவே இப்பெயருக்குச் சிறிய மாயமேடு, பெரிய மாயமேடு எனப் பொருள் கொள்ளலாம். இப்பெயரின் ஐரிய வடிவத்தில் ஷீ என்னும் சொல்லை அடுத்து வரும் மெய்யெழுத்து மென்மையடைவதால், அம்மொழி பேசுவோர் இதனை ஷீ வெக், ஷீ வோர் என்பதற்கு நெருக்கமாக ஒலிப்பர். ஆங்கிலத்தின் வழியாகப் பரவிய ஷீபெக், ஷீமோர் என்னும் வடிவங்களே பிற நாடுகளில் நிலைத்துவிட்டன. இசைத்தட்டுகளிலும் சுரநூல்களிலும் இப்பெயர் பலவாறு எழுதப்படுவதால், ஒரே மெட்டை வெவ்வேறு மெட்டுகள் எனத் தேடுவோர் மயங்குவதுண்டு.

இயற்றியவர்

காரலன் 1670 ஆம் ஆண்டு மீத் கவுண்டியில் நாபர் என்னும் ஊருக்கு அருகே பிறந்தார். அவருக்கு ஏறத்தாழ 14 வயதான போது குடும்பம் மேற்கே ரோஸ்காமன் கவுண்டியில் உள்ள பாலிஃபார்னன் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. தந்தையார் அங்கு மெக்டெர்மாட் ரோ என்னும் நிலக்கிழார் குடும்பத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அக்குடும்பத் தலைவியான மேரி மெக்டெர்மாட் ரோ சிறுவனின் கூர்மையைக் கண்டு அவருக்குக் கல்வி கற்பிக்க ஏற்பாடு செய்தார்.

18 வயதில் பெரியம்மை நோய் தாக்கியதில் காரலன் இரு கண்களின் பார்வையையும் இழந்தார். அக்கால அயர்லாந்தில் பார்வையற்ற இளைஞர் பிழைப்பதற்கு இருந்த மதிப்பான வழிகளுள் ஹார்ப் வாசிப்பும் ஒன்று. மேரி அம்மையார் அவரை ஓர் ஆசிரியரிடம் மூன்று ஆண்டுகள் பயில வைத்தார். பயிற்சி முடிந்ததும் ஒரு குதிரையையும், வழிகாட்ட ஒரு துணையாளையும், செலவுக்குப் பணத்தையும் கொடுத்து அனுப்பினார். 21 வயதில் தொடங்கிய அந்தப் பயணம் ஏறத்தாழ 45 ஆண்டுகள் நீடித்தது. ஒரு வீட்டில் சில நாட்கள் தங்கி, வாசித்து, வீட்டாரைச் சிறப்பித்து ஒரு மெட்டை அமைத்துக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குச் செல்வது அவரது வழக்கமாயிற்று. அவர் பெயரில் இருநூறுக்கும் மேற்பட்ட மெட்டுகள் எஞ்சியுள்ளன. அவற்றிற் பெரும்பாலானவை அவரை ஆதரித்தோரின் பெயர்களையே தாங்கி நிற்கின்றன. ஊர் அல்லது குன்றின் பெயரைத் தாங்கிய ஷீபெக் ஷீமோர் அவற்றுள் சிறுபான்மையைச் சேர்ந்தது.

காரலன் புறப்பட்ட காலத்தையும் கருத்திற் கொள்ள வேண்டும். 1691 ஆம் ஆண்டு ஆக்ரிம் போரில் கத்தோலிக்கப் படை தோற்றது. அதே ஆண்டு லிமரிக் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. ஹார்ப் இசைஞரையும் புலவரையும் தலைமுறை தலைமுறையாகப் பேணி வந்த பழைய கேலிக் உயர்குடிகள் நிலத்தையும் அதிகாரத்தையும் இழந்து கொண்டிருந்தன. முன்னர் ஒரு தலைவனின் அவையில் நிலையான இடம் பெற்றிருந்த இசைஞர், இப்போது வீடு வீடாகச் செல்ல வேண்டியவரானார். காரலன் பழைய ஐரிய குடும்பங்களுக்கும், புதிதாகக் குடியேறிய ஆங்கிலேயக் குடும்பங்களுக்கும் வேறுபாடின்றி வாசித்தார். அது பெருந்தன்மையாக இருந்திருக்கலாம். பிழைப்பின் தேவையும் அதில் உண்டு.

இயற்றப்பட்ட சூழல்

பயணத்தின் தொடக்கத்தில் காரலன் லீட்ரிம் கவுண்டியில் ஸ்கர் ஏரிக்கு அருகே லெட்டர்ஃபையன் என்னும் இடத்தில் வாழ்ந்த ஜார்ஜ் ரெனால்ட்ஸ் என்பவரின் வீட்டை அடைந்தார். ரெனால்ட்ஸ் குடும்பத்தார் அப்பகுதியின் பழைய ஐரிய தலைவர்களான மெக் ரானல் வழியினர். பெயரை ஆங்கில வடிவுக்கு மாற்றிக் கொண்டவர்கள். ஜார்ஜ் ரெனால்ட்ஸ் தாமே ஹார்ப் வாசிக்கவும் கவிதை புனையவும் வல்லவர் எனக் கூறப்படுகின்றது. எனவே இளைஞரின் வாசிப்பை எடைபோடும் தகுதி அவருக்கு இருந்தது.

வழங்கி வரும் கதையின்படி, காரலனின் வாசிப்பு ரெனால்ட்ஸைப் பெரிதும் கவரவில்லை. பாட்டேதும் கட்டியதுண்டா என அவர் வினவ, இல்லை என்றார் காரலன். விரல்களைவிடச் சொல் அவருக்குக் கைகொடுக்கக்கூடும் என்னும் கருத்துப்பட அறிவுரை கூறிய ரெனால்ட்ஸ், அருகிலிருந்த இரு குன்றுகளையும் அவற்றில் வாழ்ந்த மாய மாந்தரின் சண்டையையும் பற்றிய கதையைச் சொல்லி, அதனைப் பாட்டாக்குமாறு கேட்டுக் கொண்டார். காரலன் இயற்றிய பாட்டு ரெனால்ட்ஸுக்கு மிகவும் பிடித்துப் போயிற்று. அது முதற்கொண்டு காரலன் வாசிப்பவர் என்பதைவிட இயற்றுபவர் என்றே அறியப்படலானார்.

இக்கதையின் சில கூறுகள் பிற்காலத்தில் மெருகேற்றப்பட்டிருக்கலாம். ஆனால் அதன் மையக் கருத்தை ஏற்பதற்குக் காரணம் உண்டு. ஹார்ப் இசைஞர்கள் பொதுவாகச் சிறுவயதிலேயே, பத்து வயதளவில் பயிற்சியைத் தொடங்குவர். காரலனோ 18 வயதுக்குப் பின்னரே தொடங்கினார். பிற்கால ஹார்ப் இசைஞரான ஆர்தர் ஓ'நீலின் நினைவுக் குறிப்புகளும் காரலனைச் சிறந்த வாசிப்பாளராகக் காட்டவில்லை. கைத்திறனில் பிறரை எட்ட முடியாத ஒருவருக்குப் புதிய வழியொன்று காட்டப்பட்ட நிகழ்வாகவே இக்கதையைக் கொள்ளலாம்.

இரு குன்றுகள்

ஷீபெக், ஷீமோர் ஆகிய இரண்டும் லீட்ரிம் கவுண்டியின் தென்பகுதியில், கெஷ்காரிகன் என்னும் ஊரை ஒட்டிய ஏரிப் பகுதியில், ஒன்றுக்கொன்று சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள குன்றுகள். உயரத்தில் இவை பெரியவை அல்ல. இரண்டின் உச்சியிலும் வரலாற்றுக்கு முற்பட்ட கற்குவியல்கள் காணப்படுகின்றன; இவை இறந்தோரை அடக்கம் செய்த இடங்கள். சுற்றுவட்டாரம் தாழ்வாகவும் ஏரிகள் நிறைந்ததாகவும் இருப்பதால், இக்கற்குவியல்கள் ஊர் மக்களின் கற்பனையில் இடம் பெற்றதில் வியப்பில்லை.

ஐரிய தொன்மங்களின்படி, துவாகா டே டானன் எனப்படும் தெய்வ இனத்தார் பின்னர் வந்த மைலீசியரிடம் தோற்ற போது, நிலத்தின் மேற்பரப்பை விட்டு மேடுகளுக்குள் புகுந்து வாழத் தொடங்கினர். அவர்களே ஷீ எனப்பட்டனர். வீரன் ஃபின் மெக்கூல் ஷீபெக் குன்றில் அடக்கம் செய்யப்பட்டான் என்னும் செவிவழிச் செய்தியும் உள்ளூரில் உண்டு. இவ்வகையில் குன்று, கல்லறை, மாய மாளிகை ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் ஒன்று கலந்து விட்டன.

இயற்கைக் காட்சியொன்றைக் கண்டு மகிழ்ந்து அமைக்கப்பட்ட இசையாகவே இது பல நிகழ்ச்சிக் குறிப்புகளில் அறிமுகப்படுத்தப்படுகின்றது. அது பொருந்தாது. பாட்டைக் கட்டியபோது காரலன் பார்வையிழந்து ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருக்குக் கிடைத்தவை வழிப்பயணமும், தங்கிய வீட்டில் கேட்ட கதையும், அந்நிலத்தின் பெயர்களும் மட்டுமே. கண்ணாற் கண்ட மலையை வருணிக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய இசையோடு இதனை ஒப்பிடுவது தவறான எதிர்பார்ப்பைத் தரும்.

பாடலின் பொருள்

காரலன் பெரும்பாலும் மெட்டை முதலில் அமைத்துவிட்டுப் பின்னரே சொற்களைப் பொருத்துவார். சொல்லுக்கே முதன்மை தந்த பழைய ஐரிய புலவர் மரபுக்கு இது நேர்மாறானது. ஷீபெக் ஷீமோர் ஐரிய மொழிச் சொற்களுடனேயே வழங்கியது. இரு மேடுகளின் அரசர்களுக்கிடையே எது சிறந்தது என்னும் பூசல் எழுகின்றது. பெரிய மேட்டார் தாம் சிறிய மேட்டாரைவிடப் பன்மடங்கு உயர்ந்தோர் எனப் பெருமை பேசுகின்றனர். சொற்போர் படைப்போராக முற்றிப் பலர் மடிகின்றனர். வேறொரு படை வருவதைக் கண்டு சண்டையை நிறுத்தி உடன்படும்படி அழைப்பு விடுக்கப்படுகின்றது.

அயலார் படையெடுப்பில் தோல்வியுற்று நின்ற நாட்டில், உள்நாட்டுப் பூசலை விட்டு ஒன்று சேருமாறு கூறும் முடிவை அரசியற் குறிப்பாகக் கொள்ள இடமுண்டு. எனினும் காரலன் அவ்வாறு கருதினார் என்பதற்குச் சான்று இல்லை. விருந்தோம்பிய வீட்டாரை மகிழ்விக்க எழுந்த உள்ளூர்க் கதைப்பாட்டு என்பதே நேரான விளக்கம்.

தற்காலத்தில் இப்பாடலைச் சொற்களுடன் பாடுவோர் மிகச் சிலரே. கருவியிசையாக மட்டுமே இதனை அறிந்த பலருக்கு, மென்மையும் ஏக்கமும் மிக்க இம்மெட்டு ஒரு போர்க்கதைக்கு உரியது என்பது வியப்பளிக்கும்.

மெட்டின் மூலம்

காரலன் பற்றிய விரிவான ஆய்வை மேற்கொண்ட டொனல் ஓ'சலிவன், 1958 ஆம் ஆண்டு இரு தொகுதிகளாக வெளியிட்ட நூலில் அவரது மெட்டுகள் அனைத்தையும் திரட்டி, ஒவ்வொன்றின் வரலாற்றையும் ஆராய்ந்தார். ஷீபெக் ஷீமோரின் மெட்டு, அழகிய குயில் எனப் பொருள்படும் தலைப்புடைய ஒரு பழைய நாட்டுப்பாடலின் மெட்டிலிருந்து தழுவப்பட்டது என்பது அவரது கருத்து. பின்வந்த எழுத்தாளர்கள் பெரும்பாலும் இதனையே ஏற்றுக் கொண்டுள்ளனர்.

இதனைத் திருட்டு எனக் கொள்வது அக்கால வழக்கை அறியாத தீர்ப்பாகும். பழைய மெட்டுக்குப் புதுச் சொல் கட்டுவதும், கேட்ட மெட்டை விரித்தும் சுருக்கியும் வாசிப்பதும் ஹார்ப் இசைஞரின் அன்றாடத் தொழிலின் பகுதி. மெட்டுக்கு உரிமையாளர் என்னும் எண்ணமே அங்கு வலுவாக இருக்கவில்லை. காரலன் பின்னாளில் ஸ்காட்லாந்து மெட்டுகளுக்கும் மாறுபாட்டு வடிவங்களை அமைத்துள்ளார். டப்ளினில் செல்வாக்குப் பெற்றிருந்த கொரெல்லி, விவால்டி ஆகிய இத்தாலியரின் பாணியையும் உள்வாங்கினார். காரலனின் கான்செர்ட்டோ எனப்படும் ஆக்கம் அதற்குச் சான்று. பிறர் மெட்டையும் பிறர் பாணியையும் தன்வயப்படுத்தும் இந்த இயல்பு முதல் ஆக்கத்திலேயே வெளிப்பட்டு விட்டது எனலாம்.

ஆயினும் ஒரு சிக்கல் எஞ்சி நிற்கின்றது. எழுத்தில் பதிவாகாத மரபில் இரு மெட்டுகள் ஒத்திருந்தால், எது முந்தியது என உறுதி செய்வது எளிதன்று. புகழ்பெற்ற மெட்டொன்று நாட்டுப்பாடலாகத் திரிந்து வழங்குவதும் உண்டு. ஷீபெக் ஷீமோரைப் பொறுத்த வரையில், முதன்முதலாக இயற்றப் புகுந்த ஓர் இளைஞர் தமக்குப் பழகிய மெட்டொன்றைப் பற்றிக் கொண்டிருப்பார் என்பது இயல்பானதே. தழுவல் என்னும் கருத்துக்கு இச்சூழலும் துணை செய்கின்றது.

இசை அமைப்பு

இம்மெட்டு மூன்றெண்ணிக்கைத் தாளத்தில் அமைந்தது. இரு பகுதிகளைக் கொண்டது. இன்றைய வழக்கில் ஒவ்வொரு பகுதியும் 16 தாளக் கட்டங்கள் உடையதாகவும், இருமுறை வாசிக்கப்படுவதாகவும் உள்ளது. திரும்ப வாசிப்பதையும் சேர்த்து முழு மெட்டும் இரண்டு நிமிடங்களுக்குள் முடிந்து விடும். பெரும்பாலான சுரநூல்களில் டி மேஜர் சுருதியில் தரப்படுகின்றது. இதன் சுரங்கள் கருநாடக இசையின் சங்கராபரண மேளத்தின் சுரங்களுக்கு ஒப்பானவை. எனினும் கமகமோ இராக இலக்கணமோ இங்கு இல்லை.

முதற்பகுதி ச, ரி எனப் படியேறிக் காந்தாரத்தில் சற்று நின்று, மீண்டும் சட்சத்துக்கு இறங்கி, அதற்குக் கீழுள்ள தைவதம், பஞ்சமம், காந்தாரம் வரை சரிகின்றது. பிறகு மெல்ல ஏறுகின்றது. இவ்வாறு ஏறி, அதைவிட ஆழமாக இறங்கி, மறுபடி ஏறும் போக்கே இம்மெட்டின் தனித்தன்மை. இரண்டாம் பகுதி முதற்பகுதியைவிட உயர்ந்த சுரங்களை எட்டுகின்றது. இரு பகுதிகளும் சட்சத்தில் முடிகின்றன. இந்த ஏற்ற இறக்கத்தில் இரு குன்றுகளின் வடிவத்தைக் காண்போரும் உளர். ஆனால் மெட்டு வேறொரு பாட்டிலிருந்து வந்ததாயின் அவ்விளக்கம் நிலைக்காது.

இன்று பலர் இதனை வால்ட்ஸ் நடனத்துக்குரிய இசையாக வாசிக்கின்றனர். வால்ட்ஸ் ஐரோப்பிய நடன அரங்குகளில் பரவியது பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில்தான். 1691 ஆம் ஆண்டளவில் அயர்லாந்தில் ஒருவர் வால்ட்ஸ் இயற்றியிருக்க முடியாது. முதல் அடியை அழுத்தி மற்ற இரண்டையும் விரைந்து தொடும் இன்றைய நடை பிற்காலச் சேர்க்கையே. சொற்களுடன் பாடப்பட்ட காலத்தில் நடை சொல்லின் அசைகளைப் பின்பற்றியிருக்கும்.

காரலன் வாசித்த கருவி

ஹார்ப் பழந்தமிழ் யாழின் இனத்தைச் சேர்ந்த நரம்பிசைக் கருவி. காரலன் வாசித்தது இன்று மேடைகளில் காணப்படும் ஹார்ப் அன்று. பழைய கேலிக் ஹார்ப்பின் ஒலிப்பெட்டி பெரும்பாலும் ஒரே வில்லோ மரக்கட்டையைக் குடைந்து செய்யப்படும். நரம்புகள் உலோகக் கம்பிகள், பெரும்பாலும் பித்தளையாலானவை. கம்பிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ முப்பது. கருவியை இடத்தோளில் சாய்த்து, இடக்கையால் மேல்நிலைச் சுரங்களையும் வலக்கையால் கீழ்நிலைச் சுரங்களையும் வாசிப்பர். விரல் நுனியால் அன்றி, வளர்த்த நகங்களால் கம்பியை மீட்டுவர்.

கம்பி மீட்டப்பட்டதும் அதன் ஒலி மணியோசை போல நெடுநேரம் நீடிக்கும். எனவே ஒரு சுரத்தை ஒலிக்கச் செய்வதைப் போலவே, முந்திய சுரத்தை விரலால் தொட்டு அடக்குவதும் தேர்ந்த கலையாக இருந்தது. எதனை அடக்குவது, எதனை ஒலிக்க விடுவது என்பதே வாசிப்பாளரின் திறனைக் காட்டியது. ஷீபெக் ஷீமோர் போன்ற மெதுவான மெட்டில் இவ்வேறுபாடு தெளிவாகக் கேட்கும். 1702 ஆம் ஆண்டு செய்யப்பட்டதும் டவுன்ஹில் ஹார்ப் எனப்படுவதுமான கருவி டப்ளினில் இன்றும் காட்சிக்கு உள்ளது. காரலன் காலத்துக் கருவி எவ்வாறிருந்தது என்பதை அதிலிருந்து ஊகிக்கலாம். காரலனுடையது என நம்பப்படும் ஹார்ப் ஒன்று ரோஸ்காமன் கவுண்டியின் குளோனலிஸ் மாளிகையில் பேணப்படுகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டப்ளின் கருவிக் கைவினைஞர் ஜான் ஈகன், குடல் நரம்புகள் பூட்டிய சிறிய ஹார்ப்பை வடிவமைத்தார். இப்போது ஐரிய ஹார்ப் என விற்கப்படுபவை பெரும்பாலும் அதன் வழிவந்தவை. குடல் அல்லது நைலான் நரம்பு கொண்டவை. விரல் நுனியால் வாசிக்கப்படுபவை. ஆகவே ஷீபெக் ஷீமோரின் பெரும்பாலான ஒலிப்பதிவுகளில் கேட்கும் மென்மையான ஒலி காரலன் கேட்ட ஒலி அன்று.

எழுத்தில் பதிவானமை

பார்வையற்றவரான காரலன் தம் மெட்டுகள் எதனையும் தாமே எழுதி வைக்கவில்லை. அயர்லாந்து மெட்டுகளின் முதல் அச்சுத் தொகுப்பை ஜான் நீல், வில்லியம் நீல் ஆகியோர் டப்ளினில் 1724 ஆம் ஆண்டு வெளியிட்டனர். அதில் காரலனின் சில மெட்டுகள் இடம்பெற்றன. ஷீபெக் ஷீமோர் 1691 ஆம் ஆண்டளவில் இயற்றப்பட்டது எனக் கொண்டால், அத்தொகுப்பு வெளிவந்த போதே அது முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வாய்மொழியாக வழங்கியிருக்க வேண்டும்.

காரலன் 1738 மார்ச்சு 25 அன்று, தம்மைப் பயணம் அனுப்பிய மெக்டெர்மாட் ரோ குடும்பத்தாரின் ஆல்டர்ஃபோர்ட் இல்லத்துக்குத் திரும்பி வந்து அங்கேயே காலமானார். கில்ரோனன் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார். அவருக்குப் பின் கம்பி ஹார்ப் மரபு விரைவாக நலிந்தது. 1792 ஆம் ஆண்டு சூலையில் பெல்ஃபாஸ்ட் நகரில் எஞ்சிய ஹார்ப் இசைஞரைக் கூட்டி ஒரு மாநாடு நடத்தப்பட்டது. அயர்லாந்தைச் சேர்ந்த பத்துப் பேரும் வேல்சைச் சேர்ந்த ஒருவருமே அதில் கலந்து கொண்டனர். தொண்ணூறு வயதைக் கடந்த டெனிஸ் ஹெம்சன் ஒருவர் மட்டுமே பழைய முறைப்படி நகத்தால் வாசித்தார்.

மாநாட்டில் மெட்டுகளை எழுதிக் கொள்ள அமர்த்தப்பட்டவர் எட்வர்ட் பண்டிங் என்னும் 19 வயது ஆர்கன் வாசிப்பாளர். அப்பணி அவரது வாழ்நாள் பணியாயிற்று. அவர் வெளியிட்ட தொகுப்புகளும், எழுதி வைத்த ஏடுகளும் இல்லாவிடின் ஹார்ப் மரபின் பெரும்பகுதி தடமின்றி மறைந்திருக்கும். ஆனால் அவர் மெட்டுகளைப் பியானோவுக்கு ஏற்றவாறு மாற்றியே அச்சிட்டார். ஐரிய மொழிச் சொற்களைத் திரட்டுவதற்காக 1802 ஆம் ஆண்டு பேட்ரிக் லின்ச் என்பவரைக் கொனாக்ட் மாகாணத்துக்கு அனுப்பிய போதிலும், அச்சொற்கள் தொகுப்புகளில் மெட்டுகளுடன் சேர்த்து வெளியிடப்படவில்லை. இவ்வாறு சொல்லும் மெட்டும் பிரிந்தன.

இதன் விளைவு பெரிது. ஷீபெக் ஷீமோருக்கு இன்று நம்மிடம் இருப்பது அடிப்படை மெட்டு மட்டுமே. வலக்கை எத்தகைய கீழ்நிலைச் சுரங்களை வாசித்தது, எந்தக் கம்பிகள் அடக்கப்பட்டன, பாட்டுக்கும் வாசிப்புக்கும் இடையே என்ன உறவு இருந்தது என்பவற்றை எந்த ஏடும் கூறவில்லை. ஹார்ப் கலைஞர்கள் வாசிக்கும் ஒவ்வொரு வடிவத்திலும் மெட்டைத் தவிர ஏனையவை அக்கலைஞரின் அமைப்பே. முன்பு காரலன் அழகிய குயில் மெட்டைக் கையாண்டதைப் போலவே, அவர்களும் காரலனின் மெட்டைக் கையாளுகின்றனர்.

மறுமலர்ச்சி

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை காரலனின் இசை பெரும்பாலும் நூலகங்களிலும், சில மரபிசைஞரின் நினைவிலுமே தங்கியிருந்தது. ஓ'சலிவனின் 1958 ஆம் ஆண்டு நூல் மெட்டுகளை ஒருசேரக் கிடைக்கச் செய்தது. 1960களில் இசையமைப்பாளர் ஷான் ஓ ரியாடா தமது கியோல்டோரி குவலன் குழுவின் மூலம் காரலனின் ஆக்கங்களை மக்களிடம் கொண்டு சென்றார். கம்பி ஹார்ப்பின் ஒலிக்கு நெருக்கமான கருவி எனக் கருதி அவர் ஹார்ப்சிகார்டை வாசித்தார்.

ஷீபெக் ஷீமோரை இளைஞரிடையே பரப்பியதில் பிளாங்ஸ்டி குழுவுக்குப் பெரும்பங்கு உண்டு. 1973 ஆம் ஆண்டு வெளிவந்த அக்குழுவின் முதல் இசைத்தட்டில் இம்மெட்டு இடம்பெற்றது. குழுவின் பெயரும் காரலனோடு தொடர்புடையதே. ஆதரவாளர் ஒருவரைச் சிறப்பிக்கும் மெட்டுக்கு அவர் பிளாங்ஸ்டி எனப் பெயரிடுவதுண்டு. அவ்விசைத்தட்டில் ஹார்ப் இல்லை. அதன் பின்னர் கிதார், புல்லாங்குழல், பிடில், மாண்டலின் முதலிய பல கருவிகளுக்கு இம்மெட்டு ஏற்றதாயிற்று. விரல்களால் மீட்டும் கிதார் பயில்வோர் தொடக்க நிலையிலேயே கற்கும் மெட்டுகளுள் இதுவும் ஒன்று. மெதுவான நடையும் தெளிவான வாக்கிய அமைப்பும் இதற்குக் காரணம்.

கம்பி ஹார்ப்பும் மீண்டும் உயிர் பெற்றது. அமெரிக்கரான ஆன் ஹேமன் 1970களில் தொடங்கிப் பண்டிங்கின் குறிப்புகளைக் கொண்டு நகத்தால் வாசிக்கும் பழைய முறையை மீட்டெடுக்க முயன்றார். 1988 ஆம் ஆண்டு பயிற்சி நூலொன்றையும் வெளியிட்டார். அவரைப் பின்பற்றிப் பலர் காரலனின் மெட்டுகளைப் பித்தளைக் கம்பிகளில் வாசித்து வருகின்றனர். இரு வகை ஹார்ப்களிலும் ஷீபெக் ஷீமோரை அடுத்தடுத்துக் கேட்பது, ஒரே மெட்டு கருவிக்கேற்ப எவ்வளவு மாறுபடுகின்றது என்பதை மாணவர் உணர்வதற்குச் சிறந்த வழியாகும்.

காரலனின் உருவம் 1982 ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட அயர்லாந்தின் 50 பவுண்ட் பணத்தாளில் அச்சிடப்பட்டது. அவர் அடக்கம் செய்யப்பட்ட இடத்துக்கு அருகிலுள்ள கீடு என்னும் சிற்றூரில் அவர் பெயரில் ஹார்ப் இசை விழா 1978 ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. 2019 ஆம் ஆண்டு ஐரிய ஹார்ப் வாசிப்பை மனித குலத்தின் புலப்படாப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் யுனெஸ்கோ சேர்த்துக் கொண்டது.